இழுக்கும் முன் நிறுத்தக் கற்போம்

கும்பப்பூ அறுவடை தொடங்கிவிட்டால் தோவாளை வட்டாரத்துச் சாலைகளில் டிராக்டர்களின் ஓசை இரவும் பகலும் ஓய்வதில்லை. தாழக்குடி, பூதப்பாண்டி, திட்டுவிளை, செண்பகராமன்புதூர் ஆகிய ஊர்களின் வயல்களிலிருந்து நெல்லும் வைக்கோலும் டிரெயிலர்களில் ஏறிச் செல்லும் காட்சி பயிரிடுவோர் உள்ளத்தைக் குளிர்விக்கக் கூடியதே. மாட்டு வண்டிகள் வரிசையாக நின்று ஒரு களத்து நெல்லைச் சுமந்து முடிக்க ஒரு பகல் ஆன காலம் போய், இன்று அதே வேலை இரண்டு நடையில் முடிந்துவிடுகிறது. இம்மாறுதலை வேண்டாம் என்பார் நம்மில் எவரும் இலர். ஆயினும், சுமையை இழுக்கும் ஆற்றலைப் பெருக்கிக்கொண்ட நாம், இழுத்த சுமையை நிறுத்தும் ஆற்றலையும் அவ்வளவுக்குப் பெருக்கிக்கொண்டோமா என்று சற்றே நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய வேளை வந்துவிட்டது. அதனை எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

பிறர் குற்றத்தைச் சொல்லுமுன் என் குற்றத்தைச் சொல்லிவிடுவது முறை. சில ஆண்டுகளுக்கு முன் என் சொந்த டிரெயிலர், நெல் மூட்டைகளோடு சானல் கரையோரச் சாலையில் சென்றுகொண்டிருந்தபோது, டிராக்டரை விட்டுத் தனியே கழன்றுகொண்டது. கொக்கியில் இருக்க வேண்டிய உருக்குப் பின் எப்போதோ தொலைந்துபோக, அதற்குப் பதிலாகப் பட்டறையில் கிடந்த கம்பித் துண்டு ஒன்றை வெட்டிச் செருகியிருந்தோம். ‘அடுத்த வாரம் நல்ல பின் வாங்கிவிடலாம்’ என்பது என் எண்ணம். அந்த அடுத்த வாரம் மூன்று மாதமாயிற்று. கம்பி தேய்ந்து முறிந்தது. டிரெயிலரின் முன்சட்டம் தரையில் குத்தி, வண்டி கரையை நோக்கித் திரும்பி, ஒரு வேப்பமரத்தில் மோதி நின்றது. மூட்டைகள் சிதறின. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அதற்குச் சற்று முன்புவரை, என் தங்கை மகன், பதினான்கு வயதுப் பையன், அந்த முன்சட்டத்தின்மேல்தான் அமர்ந்து வந்திருக்கிறான். தாகம் என்று ஒரு வீட்டருகே இறங்கியவன், ‘நீங்கள் போங்கள் மாமா, நான் நடந்து வருகிறேன்’ என்று சொல்லி நின்றுவிட்டான். அன்று அவனுக்கு எடுத்த தாகத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. அவன் தாயார் முகத்தை நேரே பார்த்துப் பேச எனக்குச் சில நாள் ஆயிற்று.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் பழமொழி. அச்சாணி இல்லாத டிரெயிலரோ ஓடும். எங்கே போய் நிற்கும் என்பதுதான் தெரியாது.

நம் முன்னோர் இவ்விஷயத்தில் நம்மைவிட எச்சரிக்கையாய் இருந்தனர் என்றே சொல்ல வேண்டும். மார்கழித் திருவிழாவில் சுசீந்திரத்துத் தேரோட்டம் கண்ட எவரும் அறிவர்: வடம் பிடிப்போர் நூற்றுக்கணக்கானோர், ஆனால் சக்கரத்தின் அடியில் கட்டையைக் கையிலேந்தி நடப்போர் ஒரு சிலரே. தேர் எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது அந்தச் சிலர் கையில் இருக்கிறது. அவர்கள் ஆயத்தமாக இல்லாமல் எவரும் வடத்தில் கை வைப்பதில்லை. ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்று நாம் பிறரை இகழ்ந்து பேசுகிறோம். தேர்த் தெருவிலோ அந்தக் கட்டைதான் உயிரைக் காக்கிறது. திருவாரூர் ஆழித்தேர் தமிழகத்தின் மிகப் பெரிய தேர்களில் ஒன்று என்பது யாவரும் அறிந்ததே. அதற்கு இரும்புச் சக்கரங்களும் அச்சும் அமைத்தபோது, திருச்சிராப்பள்ளியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனத்தார் ஹைட்ராலிக் பிரேக்கையும் சேர்த்தே அமைத்தனர். ஆண்டில் ஒருமுறை, மனிதர் நடக்கும் வேகத்தில் ஓடும் தேருக்கே பிரேக் வேண்டும் என்று பொறியியல் வல்லுநர் கருதினர். ஆண்டு முழுவதும் நெடுஞ்சாலையில் ஓடும் நமது டிரெயிலர்களில் எத்தனைக்குப் பிரேக் உண்டு?

இனிக் கணக்குக்கு வருவோம். அரசு நெல் கொள்முதல் நிலையங்களில் ஒரு மூட்டை என்பது 40 கிலோகிராம். நூறு மூட்டை ஏற்றினால் 4 டன் ஆயிற்று. டிரெயிலரின் சொந்த எடை 1 டன் என்று வைத்துக்கொண்டால், பின்னால் வருவது 5 டன். இழுக்கும் டிராக்டரின் எடை 2 டன் என்று கொள்வோம். ஆக 7 டன் ஓடுகிறது. டிரெயிலருக்குப் பிரேக் இல்லையெனில், இந்த 7 டன்னையும் 2 டன் டிராக்டரின் பிரேக்கே நிறுத்தியாக வேண்டும். அதுவும், நம் பக்கத்து டிராக்டர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின் சக்கரங்கள் இரண்டில் மட்டுமே பிரேக் உண்டு. நிறுத்தும் விசை அதேதான். நிறுத்தப்படும் எடையோ மூன்றரை மடங்கு. ஆகவே வண்டி நிற்க எடுக்கும் தூரமும் ஏறக்குறைய மூன்றரை மடங்காகும். வெறும் டிராக்டர் 9 மீட்டரில் நிற்கும் என்றால், நெல் ஏற்றிய டிரெயிலரோடு அது நிற்க 30 மீட்டருக்கு மேல் ஆகும். இதற்கு முன்னால், ஓட்டுபவர் கண்டு, உணர்ந்து, காலை மிதிக்கு எடுத்து வைக்க ஒரு விநாடி ஆகிறதே, அந்த ஒரு விநாடியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி 8 மீட்டர் கடந்துவிடும்.

இது சமதரைக் கணக்கு. இருபதடிக்கு ஓரடி இறங்கும் சரிவில், 7 டன் வண்டியை அதன் எடையே 350 கிலோகிராம் விசையோடு கீழ்நோக்கித் தள்ளும். பிரேக்கின் விசையில் பெரும்பங்கு இத்தள்ளலைத் தாங்குவதிலேயே செலவாகிவிடுகிறது. எஞ்சியதே வண்டியை நிறுத்த உதவும். வேகத்தின் விளைவும் இத்தகையதே. வேகம் இரு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது. ‘இன்னும் சற்று விரட்டினால் ஒரு நடை கூடுதலாக அடிக்கலாம்’ என்று எண்ணுவோர் இந்த நான்கு மடங்கை மனத்தில் இருத்த வேண்டும்.

இத்தொல்லை தூரத்தோடு முடியவில்லை. இறக்கத்திலோ வளைவிலோ டிராக்டர் திடீரெனப் பிரேக் பிடிக்கும்போது, பிரேக் இல்லாத டிரெயிலர் பின்னாலிருந்து தள்ளுகிறது. டிராக்டர் சற்றே திரும்பிய நிலையில் இருந்தால், கொக்கி இருக்குமிடத்தில் இரண்டும் கத்தரிபோல மடங்கி, டிராக்டர் பக்கவாட்டில் கவிழ்கிறது. கன்னத்தில் கைவைத்து ‘விதி’ என்று நாம் சொல்லும் விபத்துகள் பலவற்றின் உண்மையான காரணம் இதுவே.

டிரெயிலருக்குப் பிரேக் அமைப்பது அரிய வித்தையன்று. டிராக்டரின் ஹைட்ராலிக் அமைப்பிலிருந்து குழாய் வழியே இயங்கும் பிரேக் உண்டு. டிரெயிலர் முன்னோக்கித் தள்ளும் விசையையே பயன்படுத்தித் தானே பிடித்துக்கொள்ளும் பிரேக்கும் உண்டு. நிறுத்தி வைக்கும்போது பூட்டும் கைப்பிரேக்கும் உடன் இருத்தல் வேண்டும். இணைப்பு அறுந்தால் தானாகப் பிரேக்கைப் பிடிக்கச் செய்யும் கம்பியொன்றையும் சேர்த்தமைப்பது மேலும் நன்று. எந்த வகையாயினும், அதைப் பட்டறையில் கண் மதிப்பில் அமைக்காமல், சுமையின் எடைக்கேற்ப அமைப்பதே முறை.

பிரேக் அமைக்கும் வரையில் பேசாமல் இருக்க வேண்டுமோ எனின், அன்று. செலவில்லாமல் இன்றே செய்யத்தக்கவை சில உள.

டிராக்டரில் பிரேக் மிதிகள் இரண்டு இருப்பதன் நோக்கம் வயலில் குறுகத் திரும்புவதே. இடது மிதி இடச் சக்கரத்தையும், வலது மிதி வலச் சக்கரத்தையும் பிடிக்கும். சாலையில் ஏறுமுன் இரண்டையும் இணைக்கும் தாழைப் போட்டுவிட வேண்டும். தாழ் போடாமல் ஓட்டும்போது, பதற்றத்தில் ஒரு மிதியை மட்டும் மிதித்தால், ஒரு சக்கரம் நின்று மறு சக்கரம் ஓட, டிராக்டர் பம்பரம்போலச் சுழன்றுவிடும். வயலிலிருந்து ஏறி வந்த அவசரத்தில் இத்தாழை மறந்தவர் எத்தனை பேர் என்பதை அவரவர் நெஞ்சே அறியும்.

இறக்கத்தில் டீசல் மிச்சமாகும் என்று கியரை நியூட்ரலில் விட்டு ஓட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. மிச்சமாகும் டீசல் ஒரு டம்ளர். பணயம் வைப்பது உயிர். எந்தக் கியரில் ஏற முடியுமோ அந்தக் கியரிலேயே இறங்குவது நல்லது. அப்போது எஞ்சினே வண்டியைப் பின்னுக்குப் பிடித்துக்கொள்ளும். இறங்கத் தொடங்குமுன் கியரை மாற்றிவிட வேண்டும். பாதி இறக்கத்தில், சுமை தள்ளிக்கொண்டிருக்கும்போது மாற்ற முயன்றால் கியர் விழாமல் நியூட்ரலிலேயே நின்றுவிடக்கூடும்.

நிற்க. கொக்கியைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். என்னைச் சோதித்தது அதுவே ஆகலின்.

பின் உருக்கினால் ஆனதாக, கொக்கித் துளைக்குப் பொருந்திய பருமனுடையதாக இருத்தல் வேண்டும். அதன் கீழ்நுனியில் லாக் பின் எனப்படும் சிறு பூட்டு தவறாது வேண்டும். மேடுபள்ளத்தில் குதிக்கும்போது பின் மேலெழும்பி வெளியேறாமல் காப்பது அதுவே. துளை நீள்வட்டமாய்த் தேய்ந்திருந்தால் அது பற்றவைத்துச் சரிசெய்யும் நிலையா, மாற்ற வேண்டிய நிலையா என்பதை அறிந்தவரிடம் காட்ட வேண்டும். இவற்றோடு இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளும் அவசியம். அவற்றை முன்சட்டத்தின் கீழே குறுக்காக, ஒன்றன்மேல் ஒன்று செல்லுமாறு மாட்ட வேண்டும். பின் முறிந்தாலும் முன்சட்டம் தரையில் குத்தாமல் தொட்டிலில் விழுந்த குழந்தைபோல அந்தச் சங்கிலிகளில் தங்கும். திரும்புவதற்குப் போதிய நீளம் இருக்கலாம். தரையில் இழுபடும் நீளம் ஆகாது. என் டிரெயிலரில் அன்று சங்கிலி இருந்திருக்குமானால், அந்த வேப்பமரத்துக்கு வேலை இருந்திராது.

கொக்கியின் உயரமும் முக்கியம். டிராக்டரை உருவாக்கியோர் இழுவைக்கென்று அமைத்த இடத்தில்தான் மாட்ட வேண்டும். அதற்கு மேலே, அச்சுக்கு உயரமான இடத்தில் சங்கிலியைக் கட்டி இழுத்தால், பின் சக்கரத்தை அச்சாகக் கொண்டு டிராக்டரின் முன்புறம் மேலெழுந்து, ஓட்டுபவர்மேலேயே மல்லாந்து விழும். சேற்றில் சிக்கிய வண்டியை மீட்கும்போது நேரும் மரணங்கள் பலவும் இவ்வாறு நேர்பவையே. இஃது ஓரிரு விநாடியில் முடிந்துவிடுவது. குதித்துத் தப்பலாம் என்று எவரும் எண்ண வேண்டாம்.

சுமையை ஏற்றுவதிலும் முறை உண்டு. இரண்டு சக்கர டிரெயிலரில் பின்பக்கம் அதிகச் சுமை ஏறினால் முன்சட்டம் மேலெழுந்து, டிராக்டரின் பின் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கும். பிரேக் இருப்பதே அந்தச் சக்கரங்களில்தான் என்பதை மறவாதீர்கள். முன்பக்கம் மிக அதிகமானால் டிராக்டரின் முன் சக்கரங்கள் இலேசாகி, ஸ்டீயரிங் பேச்சைக் கேளாது. அச்சுக்கு இருபுறமும் சமமாக, முன்னால் சற்றே கூடுதலாக ஏற்றுவதே முறை. மாட்டு வண்டியில் பாரம் ஏற்றிய நம் பெரியவர்கள், ‘முன்பாரம் பின்பாரம் பார்த்து ஏற்று’ என்று சொன்னது மாட்டின் கழுத்தை எண்ணி. இன்று கழுத்து நம்முடையது.

வைக்கோல் சுமைக்கு நம் வட்டாரத்தில் தனியே ஒரு பகை உண்டு. அதுவே ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைகளுக்கு இடைப்பட்ட வழியில் நெருங்கிப் புகுந்து வேகங்கொள்வதால்தான் முப்பந்தல் பகுதி காற்றாலைகளுக்கு நாடறிந்த இடமாயிற்று. பல டன் எடையுள்ள காற்றாலை இறக்கையைச் சுழற்றும் அதே காற்று, நமது வைக்கோல் சுமையை மட்டும் மரியாதை செய்து விட்டுவிடுமா? நான்கு மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள சுமையின் பக்கவாட்டில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று ஏறக்குறைய 200 கிலோகிராம் விசையோடு தள்ளும். சாலையோரச் சரிவு, வளைவு, காற்று மூன்றும் ஒரே பக்கம் சேர்ந்தால் போதும். ஆனி, ஆடி மாதங்களில் கணவாய் வழியே வைக்கோல் கொண்டு செல்வோர் சுமையின் உயரத்தைக் குறைத்து, காற்று அடங்கிய வேளை பார்த்து, கயிற்றை இருபுறமும் இறுகக் கட்டிச் செல்வது அறிவுடைமை.

இதனைப் படிக்கும் நெசவாள அங்கத்தினர்களும் பூ விளைவிக்கும் அங்கத்தினர்களும், ‘டிராக்டர் வைத்திருப்போர் பாடு அது, எமக்கென்ன?’ என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். தோவாளைச் சந்தைக்குப் பூ எந்நேரத்தில் வருகிறது? விடியுமுன் வருகிறது. பிச்சியும் சம்பங்கியும் ஏற்றிய மினி லாரிகளும், பின் இருக்கையில் பூமூட்டை கட்டிய இருசக்கர வண்டிகளும் இருட்டில் விரையும் அச்சாலையின் ஓரத்தில், பின்விளக்கும் இல்லாமல் சிவப்புப் பிரதிபலிப்பானும் இல்லாமல், டயர் பழுதாகி நிற்கும் டிரெயிலர் ஒன்று இருந்தால் என்ன ஆகும்? நெய்த துணியை ஒப்படைத்துவிட்டு, நூலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அந்தி மயங்கும் வேளையில் திரும்பும் நெசவாளியின் கண்ணுக்கு அந்த டிரெயிலர், மோதிய பிறகுதான் தெரியும். டிராக்டர் இல்லாதவர்க்கே இந்த ஆபத்து மிகுதி. பின்பலகையின் இரு ஓரங்களிலும் சிவப்புப் பிரதிபலிப்பான், பக்கங்களில் ஒளிர்பட்டை, டிராக்டரின் விளக்கோடு இணைந்த பின்விளக்கும் திரும்பும் விளக்கும் இருக்க வேண்டும். வண்டியை நிறுத்தினால் சக்கரத்துக்கு இருபுறமும் கட்டையும், பின்னால் எச்சரிக்கை முக்கோணமும் வைக்க வேண்டும். கட்டைக்குப் பதில் சாலையோரக் கல்லை எடுத்து வைப்போர், கிளம்பும்போது அதை நடுச்சாலையிலேயே விட்டுச் செல்வதும் இன்னொரு குற்றம்.

அண்மைக் காலத்தில் நம் அங்கத்தினர் பலர் பிக்கப் வண்டிகளை வாங்கியுள்ளனர். நல்லதே. அவற்றின் பின்னால் மருந்துத் தெளிப்புத் தொட்டி, ஜெனரேட்டர், சிறு டிரெயிலர் ஆகியவற்றை மாட்டி இழுக்கலாமா என்று சிலர் கேட்கின்றனர். வண்டியை உருவாக்கிய நிறுவனம் தனது கையேட்டில் இழுவைக்கு அனுமதி அளித்து, இத்தனை எடை வரை என்று வரையறுத்திருந்தால் மட்டுமே அதனைச் செய்யலாம். அவ்வாறு இல்லையெனில் இழுக்கக் கூடாது. ‘எஞ்சின் இழுக்கிறதே’ என்பது விடையாகாது. எஞ்சின் இழுத்தாலும், கிளட்சு, ரேடியேட்டர், பின் அச்சு, டயர், பிரேக் ஆகியவையும் அச்சுமைக்கு உரியனவாய் இருத்தல் வேண்டும். கொக்கியைப் பம்பரில் பற்றவைத்தல் கூடவே கூடாது. சேஸிஸில் போல்ட்டுகளால் பொருத்தப்பட்ட, எடை குறிக்கப்பட்ட இழுவைச் சட்டமே வேண்டும். டிரெயிலரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அல்லது சற்று மிகுதி கொக்கியின்மேல் அமரும்படி சுமையை வைத்தால், டிரெயிலர் வால் ஆட்டாமல் பின்தொடரும். அக்கொக்கியின்மேல் விழும் எடையும் வண்டியின் சுமையே ஆகலின், வண்டித் தட்டில் ஏற்றுவதை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். டிரெயிலர் அகலமாயின், பின்னால் வருவதைக் காண நீண்ட கண்ணாடிகளும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, டயர்களின் காற்று. சுமைக்குரிய அளவு காற்று இல்லாத டயர் சூடேறி வெடிப்பது வழக்கமாக நெடுஞ்சாலையில்தான்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதையும் அங்கத்தினர் அறிந்திருத்தல் நலம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ‘மோட்டார் வாகனம்’ என்ற சொல்லுக்குள் டிரெயிலரும் அடங்கும். அதாவது, நாம் ‘பெட்டி’ என்று இலேசாகச் சொல்வது சட்டத்தின் பார்வையில் ஒரு முழு வாகனம். அதற்குத் தனிப் பதிவு வேண்டும். அதன் பதிவெண் பக்கத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இழுக்கும் வண்டியின் எண்ணும் பின்னால் தெரிய வேண்டும். காப்புறுதியிலும் டிரெயிலர் சேர்க்கப்பட்டுள்ளதா என்று பார்த்துக்கொள்வது முக்கியம். டிராக்டருக்கு மட்டும் காப்புறுதி எடுத்துவிட்டு, விபத்து நேர்ந்த பிறகு டிரெயிலரைப் பற்றி நினைப்பதால் பயன் இல்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. டிரெயிலரில் மணமக்கள் வீட்டாரையும் நடவுப் பெண்களையும் ஏற்றிச் செல்லும் வழக்கத்தை நாம் அடியோடு நிறுத்த வேண்டும். நெல் மூட்டை கவிழ்ந்தால் அள்ளிக்கொள்ளலாம்.

இதற்குச் சிலர் மறுமொழி கூறுவதை நான் கேட்டிருக்கிறேன். ‘இத்தனை ஆண்டு ஓட்டினோம், ஒன்றும் நேரவில்லை’ என்பது முதலாவது. என் பின் முறிந்ததற்கு முந்தின நாள் வரை நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ‘நாங்கள் மெதுவாகத்தான் போகிறோம்’ என்பது இரண்டாவது. மெதுவாகப் போவது மிக நல்லது. ஆனால் சாலையிலுள்ள மற்றவர் மெதுவாகப் போவதில்லை. நாம் மெதுவாகச் செல்வதாலேயே, பின்னால் வருவோர் நம்மைக் காண்பதற்கான விளக்கு நமக்கு மிகுதியாகத் தேவைப்படுகிறது. ‘செலவு ஆகுமே’ என்பது மூன்றாவது. இதுவே உண்மையான தடை. பின், பூட்டு, பிரதிபலிப்பான் ஆகியவை ஓரிரு மூட்டை நெல்லின் விலையில் அடங்கிவிடும் என்றாலும், பிரேக்கும் நல்ல டயரும் அவ்வாறல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு ஏக்கர் குத்தகை நிலத்தில் பயிரிட்டு, கடனில் டிராக்டர் வாங்கி, பிறர் நெல்லைச் சுமந்து கூலி பெறுபவரிடம், ‘உன் கைப்பணத்தில் பிரேக் அமை’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. தனியொருவரால் இயலாததைப் பலர் கூடிச் செய்வதற்கே நாம் சங்கம் அமைத்திருக்கிறோம்.

ஆகவே நமது சங்கங்களின் நிர்வாகக் குழுவினர் ஆலோசிக்கும்பொருட்டுச் சில கருத்துகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

முதலாவது, கன்னிப்பூ அறுவடைக்கு முன் ஒருமுறையும் கும்பப்பூ அறுவடைக்கு முன் ஒருமுறையும், அங்கத்தினரின் டிராக்டர், டிரெயிலர்களைச் சங்கத்தின் வளாகத்தில் கூட்டி, ஒரு நல்ல மெக்கானிக்கைக் கொண்டு இலவசமாகச் சோதனை செய்விக்கலாம். வேளாண்மைப் பொறியியல் துறையினரையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தாரையும் அன்று அழைத்து அறிவுரை கேட்கலாம். அபராதம் விதிக்க வருபவராக மட்டும் அன்றி, வழி சொல்ல வருபவராக அவர்களைக் காணும் வாய்ப்பும் நமக்குக் கிட்டும்.

இரண்டாவது, பின், பூட்டு, சங்கிலி, பிரதிபலிப்பான், பின்விளக்கு, சக்கரக் கட்டை ஆகியவற்றைச் சங்கம் மொத்தமாக வாங்கி, அடக்க விலைக்கு அங்கத்தினருக்குத் தரலாம். உரமும் விதையும் அவ்வாறு தருகிறோம் அன்றோ?

மூன்றாவது, டிரெயிலருக்குப் பிரேக் அமைக்க விரும்புவோருக்குச் சிறு கடன் வழங்கி, இரண்டு போக அறுவடையில் தவணையாகப் பெற்றுக்கொள்ளலாம். டிராக்டர் வாங்கக் கடன் தரும்போதே, டிரெயிலரின் பிரேக்கையும் அக்கடனோடு சேர்த்துக் கணக்கிடுவது இன்னும் சிறந்தது.

நான்காவது, இதுவே நான் மிக வற்புறுத்துவது: தமிழ்நாட்டின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பல டிராக்டரும் டிரெயிலரும் வாங்கி வாடகைக்கு விடுகின்றன. சங்கத்தின் பெயர் எழுதிய டிரெயிலர் பிரேக்கும் சங்கிலியும் இல்லாமல் ஒரு நாளும் வாசலைத் தாண்டக் கூடாது. வாடகை வருமானம் ஒரு நாள் குறைந்தாலும் குறையட்டும். சங்கத்தின் வண்டியால் ஓர் உயிர் போனால், அதனை எந்த லாபக் கணக்கில் எழுதுவது? வெளியார் டிரெயிலரைச் சங்கம் அமர்த்தும்போதும் இதே நிபந்தனையை விதிக்க வேண்டும். சங்கம் கொடுக்கும் வேலை வேண்டும் என்பதற்காகவேனும் பலர் தம் வண்டியைச் செவ்வனே அமைத்துக்கொள்வர்.

ஐந்தாவது, ஓட்டுபவரை மறக்கலாகாது. பெரும்பாலான வண்டிகளை உரிமையாளர் ஓட்டுவதில்லை; நாட்கூலிக்கு ஓட்டும் இளைஞரே ஓட்டுகின்றனர். பிரேக் இல்லாத வண்டியை ‘எடு’ என்று முதலாளி சொன்னால், ‘எடுக்க மாட்டேன்’ என்று சொல்லும் துணிவு கூலிக்காரருக்கு எங்கிருந்து வரும்? அவர் சார்பில் அச்சொல்லைச் சொல்ல வேண்டியது சங்கம். சோதனையில் தேறாத வண்டியை ஓட்ட மறுத்ததற்காக எந்த ஓட்டுநரும் வேலை இழக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றினால், சங்கத்தின் வரலாற்றில் அது ஒரு நல்ல தீர்மானமாக நிற்கும்.

இவை அனைத்தையும் ஒரே நாளில் செய்துவிட இயலாது என்பதை அறிவேன். ஆயினும் ஒன்றை இன்றே செய்யலாம். இந்த இதழை மூடிவைத்துவிட்டு, டிரெயிலர் வைத்திருக்கும் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் களத்துக்குப் போய், கொக்கியில் இருப்பது உருக்குப் பின்னா, கம்பித் துண்டா என்று குனிந்து ஒருமுறை பாருங்கள். கம்பித் துண்டாக இருந்தால் ‘அடுத்த வாரம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். என் தங்கை மகன் இப்போது வளர்ந்துவிட்டான். தானே டிராக்டர் ஓட்டுகிறான். கிளம்புமுன் பின்னைத் தட்டிப் பார்க்காமல் அவன் சாவியைத் தொடுவதில்லை. நம் வட்டாரத்து ஓட்டுநர் ஒவ்வொருவரும் அந்த வழக்கத்தைக் கைக்கொண்டால், கும்பப்பூ நெல் முழுவதும் வீடு வந்து சேரும். அதனைக் கொண்டுவந்தவரும் வீடு வந்து சேர்வர்.